டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பருக்கு ஒரு பக்க விதித்தாள்: அசைன்மென்ட், லேப், இன்டர்னல் மார்க். பிரிச்சு மேயுங்க

பாரூர்_ஏரி

கிருஷ்ணகிரி மாவட்டம், அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச கல்லூரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம், மூணாவது செமஸ்டர். 2024-25ல் சேர்ந்த பேட்ச், அதனால ரெகுலேஷன் 2021 (பல்கலைக்கழகத்தோட பாட, தேர்வு விதித்தொகுப்பு). தியரி 3 கிரெடிட், லேப் வாரத்துக்கு 3 பீரியட், 1.5 கிரெடிட். வகுப்புல 60 பேர், லேப்ல 30 சிஸ்டம். பாதிப் பேர் கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரைப் பக்கம். மீதி தர்மபுரி, பாலக்கோடு, தேன்கனிக்கோட்டையில இருந்து வர்றவங்க.

முதல் வகுப்புலயே எல்லார் கையிலயும் ஒரு தாள் கொடுக்கணும். வரைவு கீழே. தயவு பார்க்காம சொல்லுங்க.

1. அசைன்மென்ட் இரண்டு. கையால் எழுத வேண்டும். டைப் செய்தது ஏற்கப்படாது.
2. முதல் அசைன்மென்ட் ஆகஸ்ட் 3, இரவு 11.59க்குள் கூகுள் கிளாஸ்ரூமில் பி.டி.எஃப். ஆக. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 10 சதவீதம் கழிவு.
3. காப்பி அடித்தால் இருவருக்கும் பூஜ்யம்.
4. லேப் காலை 9.30 முதல் மாலை 4.30 வரை பயன்படுத்தலாம். பென் டிரைவ் கூடாது.
5. அசைன்மென்ட் வைக்காதவர் இன்டர்னலில் ஃபெயில்.
6. 91க்கு மேல் ஓ கிரேடு, 81க்கு மேல் ஏ பிளஸ், 71க்கு மேல் ஏ.

தொப்பூர்_கணவாய்

மேடம், ஐந்தும் ஆறும் முதல்ல போகணும். உங்க கையில இல்லாத அதிகாரத்தை அந்த ரெண்டு வரியிலயும் எழுதியிருக்கீங்க.

ஆறாவது: ரெகுலேஷன் 2021ல ஒரு பாடத்தை 30 பேருக்கு மேல எழுதினா ரிலேட்டிவ் கிரேடிங். பாஸ் ஆனவங்க மார்க்கை மட்டும் எடுத்து, பாக்ஸ்-காக்ஸ்ங்கிற புள்ளியியல் முறையில சீர்படுத்தி, அந்தப் பாடத்துக்குன்னு தனியா கிரேடு எல்லைகளைப் பல்கலைக்கழகமே போடும். 91, 81ங்கிற நிலையான எல்லை 30 பேரும் அதுக்குக் கீழயும் இருந்தாத்தான். நீங்க 91க்கு ஓன்னு எழுதிக் கொடுத்துட்டு, ரிசல்ட்ல 84க்கே ஓ விழுந்தாலும் பிரச்சனை, 91க்கு ஏ பிளஸ் விழுந்தாலும் பிரச்சனை. அந்த வரியை எடுத்துட்டு, "லெட்டர் கிரேடு பல்கலைக்கழகம் போடுவது, இந்தத் தாள் இன்டர்னல் 40 மார்க்கைப் பற்றியது மட்டும்"னு எழுதுங்க.

ஐந்தாவது: இன்டர்னல்ல ஃபெயில்னு ஒண்ணு கிடையவே கிடையாது. தியரிக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் 60. பாஸ் ஆக ரெண்டு நிபந்தனை: செமஸ்டர் தேர்வுல மட்டும் 45 சதவீதம், ரெண்டையும் கூட்டினா 50. அவ்வளவுதான். பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டியது மிரட்டல் இல்ல, இந்தக் கணக்கு.

அசெஸ்மென்ட் ரெண்டு, ஒவ்வொண்ணும் 100. அதுல அசைன்மென்ட் 40, எழுத்துத் தேர்வு 60. ரெண்டும் சேர்ந்த 200ஐ 40ஆக மாத்தணும், அதாவது ஐந்தால வகுக்கணும். ஒரு அசைன்மென்ட்ல 1 மார்க் போனா கடைசில 0.2 போகும். ஒரு முழு அசைன்மென்ட் 8 மார்க், ரெண்டும் சேர்த்து 16. ஒரு எழுத்துத் தேர்வு 12.

ஒரு உதாரணத்தை அப்படியே தாள்ல போட்டுடுங்க. முதல் சுற்றுல அசைன்மென்ட் 30, தேர்வு 36, ஆக 66. ரெண்டாவது சுற்றுல 34, 42, ஆக 76. மொத்தம் 142. ஐந்தால வகுத்தா 28.4. இதே பையன் ரெண்டு அசைன்மென்டும் வைக்கலன்னா 36ம் 42ம் சேர்ந்து 78, அதாவது 15.6. ரெண்டுக்கும் நடுவுல 12.8. இதைப் பார்த்தாலே வெச்சுடுவாங்க.

அஞ்செட்டி_ரோடு

சார், அந்த 15.6 வாங்கினவர் பாஸ் ஆக செமஸ்டர்ல எவ்வளவு எடுக்கணும்? அதையும் சேர்த்துச் சொல்லிட்டா நல்லா இருக்கும். மாணவர்களுக்கு உறைக்கிற இடம் அதுதான்.

தொப்பூர்_கணவாய்

50ல இருந்து இன்டர்னலைக் கழிங்க. மீதி 60க்கு. அதை 100க்கு மாத்தினா செமஸ்டர் பேப்பர்ல எடுக்க வேண்டியது வந்துடும். 15.6க்கு மீதி 34.4, பேப்பர்ல 58 எடுக்கணும். இன்டர்னல் 20ன்னா 50. இன்டர்னல் 10ன்னா 67.

23தான் எல்லைக்கோடு. இன்டர்னல் 23 வந்துட்டா பேப்பர்ல 45 போதும். அதுக்கு மேல இன்டர்னல் எவ்வளவு ஏறினாலும் அந்த 45 இறங்காது. இன்டர்னல் முழுசா 40 வாங்கினவர் பேப்பர்ல 44 எடுத்தா, கூட்டினா 66க்கு மேல வரும், ஆனாலும் ஃபெயில். "எனக்கு இன்டர்னல் ஃபுல்லு"ன்னு தெம்பா இருந்துட்டு அரியர் வைக்கிறவங்க இந்த வரியைப் படிக்காதவங்கதான்.

லேப் கணக்கு தலைகீழ்: இன்டர்னல் 60, செமஸ்டர் 40. அந்த இன்டர்னலை 100க்குப் போடும்போது அப்சர்வேஷன் நோட்டும் ரெக்கார்டு நோட்டும் 75, டெஸ்ட் 25. அதனால லேப்ல ரெக்கார்டை விட்டா தியரி அசைன்மென்டை விட்டதைவிட அடி பலமா விழும். 75ங்கிறது கடைசிக் கணக்குல 45 மார்க்.

இன்னொண்ணு. 2025-26ல் சேர்ந்தவங்களுக்கு ரெகுலேஷன் 2025. இந்தத் தாளை அடுத்த வருஷம் தேதி மட்டும் மாத்தி ஜெராக்ஸ் போட்டுடாதீங்க.

வாணியாறு

கலை அறிவியல் கல்லூரிக்காரங்க யாராவது இதைப் படிச்சா, மேல இருக்கிற எண்களை அப்படியே எடுத்துக்காதீங்க. பெரியார் பல்கலைக்கழகத்துல இன்டர்னல் 25, செமஸ்டர் 75. முறை அதேதான்: ஒவ்வொரு வேலைக்கும் கடைசி 100ல எவ்வளவு எடைன்னு ஒரு வரி எழுதுங்க. எண் வேற.

ராயக்கோட்டை_தக்காளி

நான் ஒண்ணாவதுக்கும் மூணாவதுக்கும் வர்றேன். கையால எழுதுன்னு சொன்னா காப்பி நிக்காது. ஒருத்தர் எழுதினது வாட்ஸ்ஆப் குரூப்ல போட்டோவா வரும், 59 பேர் கையால அதையே எழுதுவாங்க. அதே இடத்துல அதே தப்பு, அடிச்சுத் திருத்தினது உட்பட. காப்பியை நிறுத்தணும்னா கேள்விதான் மாறணும்.

பதிவெண்ணோட கடைசி மூணு இலக்கத்தை எடுங்க. அதை ஆர்னு வெச்சுக்கலாம். ஹேஷிங் (ஒரு எண்ணை வெச்சுக் கணக்குப் போட்டு டேபிள்ல அதோட இடத்தைக் கண்டுபிடிக்கிற முறை) கேள்வி இப்படி. லீனியர் புரோபிங்னா, அந்த இடம் நிரம்பியிருந்தா அடுத்தடுத்த இடத்தைப் பார்க்கிறது:

"அளவு 11 உள்ள ஹேஷ் டேபிளில் ஆர், ஆர்+11, ஆர்+5, ஆர்+22, ஆர்+6, ஆர்+1 என்ற ஆறு எண்களை இதே வரிசையில் லீனியர் புரோபிங் முறையில் நுழைக்கவும். ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை முறை இடம் தேடப்பட்டது என எழுதவும்."

ஆர் 47ன்னா: 47ஐ 11ஆல வகுத்தா மீதி 3, அதனால மூணாவது இடம் (இடங்களுக்கு எண் 0ல இருந்து 10 வரை). 58க்கும் மூணுதான் வரும், அது நிரம்பிடுச்சு, நாலுக்குப் போகும். 52 எட்டுல. 69க்கு மறுபடி மூணு, மூணும் நாலும் இல்ல, அஞ்சு. 53 ஒன்பதுல. 48க்கு நாலு, நாலும் அஞ்சும் நிரம்பியாச்சு, ஆறு. தேடின கணக்கு 1, 2, 1, 3, 1, 3. மொத்தம் 11.

இந்த ஆறு எண்ணையும் யோசிச்சுத்தான் போட்டிருக்கு. ஆர் எதுவா இருந்தாலும் மோதல் அதே இடத்துலதான் வரும், தேடல் மொத்தம் 11தான். யாருக்கும் சுலபம் யாருக்கும் கஷ்டம்னு வராது. சும்மா ஆர், 2ஆர், 3ஆர்னு கொடுத்தா 11ஆல வகுபடுற எண் உள்ளவருக்கு எல்லாமே பூஜ்யத்துல போய் முட்டும், பக்கத்துல இருக்கிறவருக்கு மோதலே வராது. அப்புறம் சண்டை.

திருத்துறதும் சுலபம். முதல் எண் விழுந்த இடத்தை மட்டும் பாருங்க. அதுல இருந்து 0, 1, 5, 2, 6, 3 தள்ளி அடுத்தடுத்து இருக்கணும். முதல் இடம் அஞ்சோ அதுக்கு மேலயோ வந்தா டேபிள் முடிஞ்சு பூஜ்யத்துக்குச் சுத்தி வரணும். அங்கதான் தப்பு அதிகம். அந்தத் தப்புக்கு எவ்வளவு கழிப்பீங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்குங்க.

பாரூர்_ஏரி

இது அருமை சார். பைனரி சர்ச் ட்ரீக்கும் (சின்ன எண் இடது, பெரிய எண் வலதுன்னு வளர்ற மரம்) இதே மாதிரி செய்ய முடியுமா?

ராயக்கோட்டை_தக்காளி

செய்யலாம், ஆனா ஒரே ஆரைக் கூட்டிக்கிட்டே போனா ட்ரீயோட வடிவம் எல்லாருக்கும் ஒண்ணாயிடும். எண்ணை மட்டும் மாத்தி எழுதிடுவாங்க. ட்ரீக்கு வேற வழி: எல்லாருக்கும் ஒரே 12 எண். முதல்ல நுழைக்க வேண்டியது எதுன்னு கடைசி இலக்கம் தீர்மானிக்கும். கடைசி இலக்கம் 3ன்னா நாலாவது எண்ல இருந்து ஆரம்பிச்சுச் சுத்தி வரணும். வேர் மாறினா மரமே மாறிடும். பத்து விதமான விடை வரும். விடைத்தாளை நிரல் எழுதி எடுத்துக்குங்க, கையால போட்டா ராத்திரி விடிஞ்சுடும்.

மூணாவது விதி, "இருவருக்கும் பூஜ்யம்". இதுல வம்பு இருக்கு. பெஞ்சு மேல வெச்ச நோட்டை எடுத்துட்டுப் போய் எழுதினா, நோட்டுக்காரருக்கு விஷயமே தெரியாது. ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிடுங்க, ஒரு எண்ணை மட்டும் மாத்தி எதிர்ல போடச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம். போடத் தெரிஞ்சவருக்கு மார்க் நிக்கட்டும். இதையே விதியா எழுதுங்க: "ஒத்துப்போகும் விடைகள் வந்தால் நேரில் கேட்கப்படும், நேரில் சொல்வதே மார்க்." முடிவுல உடன்பாடு இல்லன்னா எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கிட்ட எத்தனை நாளுக்குள்ள போகணும்ங்கிறதும் அதுக்குக் கீழயே இருக்கணும்.

அஞ்செட்டி_ரோடு

பிளேஜரிசத்துக்கு யு.ஜி.சி. 10 சதவீதம் வரைக்கும் விட்டிருக்கே? அதையே அசைன்மென்டுக்கும் வெச்சுடலாமே.

தொப்பூர்_கணவாய்

அது இதுக்கு இல்லைங்க. 2018 யு.ஜி.சி. விதியில வர்ற படிநிலைகள் முதுநிலை, எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு. 10 வரைக்கும் தண்டனை இல்ல. 10க்கு மேல 40 வரை திருத்தி ஆறு மாசத்துக்குள்ள மறுபடி சமர்ப்பிக்கணும். 40க்கு மேல 60 வரை ஒரு வருஷம் சமர்ப்பிக்கவே முடியாது. 60க்கு மேல பதிவே ரத்து. மேற்கோள் காட்டி எடுத்தது, நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, நிலையான சமன்பாடு, சட்ட வாசகம் எல்லாம் கணக்குல வராது. தொடர்ச்சியா 14 சொல் வரைக்கும் ஒத்துப்போறதையும் விட்டுடணும்.

பி.இ. அசைன்மென்ட்ல ஹேஷ் டேபிளுக்கு வரையறை எழுதினா 60 பேருக்கும் ஒரே வாக்கியம்தான் வரும். அதுல போய்ச் சதவீதம் பார்த்தா எல்லாருமே மாட்டுவாங்க. சதவீதத்தை விட்டுட்டு, வரையறை கேட்கிற கேள்வியையே விட்டுடுங்க.

லேப்_சாவி

மேடம், நாலாவது விதி நிக்காது. 9.30ல இருந்து 4.30 வரைக்கும் லேப் உங்க பிள்ளைங்களுக்குக் காலியா இருக்கறதில்ல. மத்த வருஷத்து லேப், நான் முதல்வன் வகுப்பு, பிளேஸ்மென்ட் ஆன்லைன் டெஸ்ட் எல்லாம் அதே அறைலதான். லேப் டைம் டேபிளை எடுத்து எந்த நாள் எத்தனாவது பீரியட் காலின்னு பாருங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு தேறினாலே அதிர்ஷ்டம். "செவ்வாய் 7, 8ம் பீரியட், வெள்ளி 5ம் பீரியட்"னு அதை மட்டும் எழுதுங்க. மாலை 4.30க்கு மேல திறக்கறதா இருந்தா அங்க யார் இருப்பாங்கன்னு பேர் வேணும். பஸ் பாஸ்ல வர்றவங்க மணி அடிச்சதும் ஸ்டாண்டுக்கு ஓடிடுவாங்க, மாலை நேரத்தை நம்பி அவங்களுக்கு வேலை கொடுக்காதீங்க.

30 சிஸ்டம்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு பேட்ச்சா பிரிச்சா தலைக்கு ஒண்ணுன்னு கணக்கு சரியா வரும், ஆனா எந்த நாளும் மூணு நாலு படுத்திருக்கும். எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) போயிருக்கும், ரேம்ல தூசி ஏறியிருக்கும், கீபோர்டுல செமிகோலன் மட்டும் வேலை செய்யாது (சி நிரல் எழுதுற லேப்ல அதுதான் முதல்ல தேயும்). 26ன்னு வெச்சுத் திட்டம் போடுங்க. மீதி நாலு பேர் அந்த நாள் அப்சர்வேஷனை முடிக்கட்டும். வாராவாரம் சுழற்சி. அதையும் பதிவெண் வரிசைல எழுதிடுங்க, இல்லன்னா கடைசில வர்றவரே எப்பவும் நிப்பார்.

டீப் ஃப்ரீஸ் போட்ட லேப்னா சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆனதும் சி டிரைவ்ல, டெஸ்க்டாப்ல சேமிச்சது காணாம போயிடும். கரண்ட் போச்சுன்னா யு.பி.எஸ். பத்து நிமிஷம் தாங்கினா பெரிசு, பேட்டரி பழசுன்னா அதுவும் இல்ல. அதனால: டி டிரைவ்ல, பதிவெண் கடைசி மூணு இலக்கம், பயிற்சி எண், இந்தப் பேர்ல கோப்பு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சேமிக்கணும். வகுப்பு முடியறதுக்கு ஐந்து நிமிஷம் முன்னாடி அவங்கவங்க மெயிலுக்கோ டிரைவுக்கோ அனுப்பிட்டு, கட்டாயம் லாக் அவுட். பொது சிஸ்டம்ல மெயிலைத் திறந்து வெச்சுட்டுப் போறவங்கதான் அப்புறம் "என் அசைன்மென்டை யாரோ எடுத்துட்டாங்க"ன்னு வருவாங்க.

பென் டிரைவ் கூடாதுங்கிறது சரி. ஃபோல்டரை மறைச்சுட்டு ஷார்ட்கட்டா காட்டுற வைரஸ் ஒரு டிரைவ்ல வந்தா அன்னைக்கே மொத்த லேப்புக்கும் பரவும். ஆனா இன்டர்நெட் இல்லாத நாளுக்கு மாற்று வழி சொல்லணும்: லேப் சர்வர்ல ஒரு ஷேர்டு ஃபோல்டர்.

முக்கியமானது கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாத்துற மென்பொருள்). எதுல ஓடணும்னு எழுதவே இல்லையே. சில பேர் வீட்டுல டர்போ சிங்கிற பழைய கம்பைலர் வெச்சிருப்பாங்க. அதுல எழுதினதை லினக்ஸ்ல ஓடுற ஜி.சி.சி. கம்பைலருக்குக் கொண்டு வந்தா கோனியோ ஹெடரே இல்லன்னு நிக்கும். கிளியர் ஸ்கிரீன், கெட்ச் எதுவும் இருக்காது. இன்னும் மோசம், ஓடும் ஆனா விடை மாறும். டர்போ சி-யில முழு எண் வகையான இன்ட் 2 பைட், 32767ஐத் தாண்டினா மைனஸுக்குப் போயிடும். ஜி.சி.சி.யில 4 பைட். செமஸ்டர் பிராக்டிகல் உங்க லேப்லதான் நடக்கும், அங்க என்ன இருக்கோ அதுதான் விதி.

சித்தேரி_மூணாம்_வருஷம்

மேம், மாணவர் பக்கத்துல இருந்து. இரவு 11.59 வேண்டாம். சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம், இங்கெல்லாம் வீட்டுக்குப் போயிட்டா சிக்னல் தேடி மேடு ஏறணும். ராத்திரி 11 மணிக்கு 15 பக்கம் ஸ்கேன் போட்டு அப்லோட் ஆகுமான்னு உட்கார்ந்திருக்க முடியாது. ஆகஸ்ட் 3 இன்னும் மோசம்: ஞாயிறு வேற, ஆடிப்பெருக்கு வேற. தர்மபுரிப் பக்கத்துல அன்னைக்கு யார் பேனாவைத் தொடுவாங்க?

நிறைய பேர்கிட்ட லேப்டாப் கிடையாது, போன் மட்டும்தான். சி நிரலைப் போன்லயே ஆன்லைன் ஜி.டி.பி. தளத்துல ஓட்டிப் பார்க்கலாம், ஆனா நெட் வேணும். ஆஃப்லைன்னா டெர்மக்ஸ் ஆப்ல கம்பைலர் போட்டுக்கலாம். ஒரு தடவை கல்லூரி வைஃபைல இறக்கிட்டா போதும். போன்ல டைப் பண்றதுல ஒரு சிக்கல்: மேற்கோள் குறியைச் சில கீபோர்டு வளைஞ்ச குறியா மாத்திடும். பார்க்கச் சரியா இருக்கும், கம்பைலர் ஏத்துக்காது. ஏன்னே புரியாம அரை மணி நேரம் போயிடும். தாள்ல ஒரு வரி இதுக்கும் விடுங்க.

அஞ்செட்டி_ரோடு

தம்பி சொல்றது சரி. ஸ்கேன் எதுக்குன்னே எனக்குப் புரியல மேடம். கையால எழுதின தாளை நேர்ல வாங்கிட்டா முடிஞ்சது. கோர்ஸ் ஃபைலுக்கு நல்லது, நடுத்தரம், சுமார்னு மூணு பிரதி இருந்தா என்.பி.ஏ. (தரச் சான்று அமைப்பு) ஆய்வுக்குக் காட்டப் போதும். அதை நீங்களே ஜெராக்ஸ் எடுத்துக்கலாம். 60 பேரையும் ஸ்கேன் பண்ண வெச்சு, அதுல 20 பேர் வெளிச்சம் இல்லாம எடுத்த படத்தை அனுப்பி, நீங்க பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்கணுமா?

பாரூர்_ஏரி

தேதி ஆகஸ்ட் 6, புதன் முதல் பீரியட், தாளாக, நேரில். மாத்திட்டேன். ஸ்கேன் கிடையாது. நிரல் கோப்பு மட்டும் லேப் ஷேர்டு ஃபோல்டர்ல.

தாமதத்துக்கு 10 சதவீதம் சரிதானா?

தொப்பூர்_கணவாய்

40ல 10 சதவீதம் 4. கடைசிக் கணக்குல 0.8. ரொம்பக் கடுமையும் இல்ல, சும்மாவும் இல்ல. ஆனா எதுல இருந்து 10 சதவீதம்னு எழுதுங்க. முழு 40ல இருந்தா, வாங்கின மார்க்குல இருந்தா? 20 வாங்கினவருக்கு ஒண்ணு 4, இன்னொண்ணு 2. "கல்லூரி வேலை நாள்"னு எழுதுங்க, இல்லன்னா சனி ஞாயிறு கணக்கு வரும். மூணு வேலை நாளுக்கு மேல ஏத்துக்காதீங்க. அதுக்குள்ள திருத்தின தாள் வெளிய வந்துடும். மருத்துவம், விளையாட்டு, என்.சி.சி.ன்னா என்ன காகிதம், எத்தனை நாளுக்குள்ள, யார் கையெழுத்து, இது மூணும் வேணும். எழுத்துத் தேர்வு விட்டவருக்கு ரீடெஸ்ட் நீங்களா தராதீங்க, எச்.ஓ.டி. வழியா ஒப்புதல் வாங்கித்தான்.

தசமத்தையும் விடாதீங்க. 28.4ஐ எப்படி முழு எண்ணாக்குறீங்க? நடுவுல எங்கயும் முழுசாக்காம, கடைசில ஒரே தடவை. நாலு இடத்துல முழுசாக்கினா ரெண்டு பேருக்கு ஒரே மொத்தம் வந்து வேற வேற மார்க் விழும், அதுக்குப் பதில் சொல்ல முடியாது.

போர்ட்டல்ல ஏத்தறதுக்கு முன்னாடி மார்க்கைக் காட்டிக் கையெழுத்து வாங்கிடுங்க. உங்க அட்டெண்டன்ஸ் அண்ட் அசெஸ்மென்ட் ரெக்கார்டுல இருக்கிற எண்ணும் போர்ட்டல் எண்ணும் ஒண்ணா இருக்கணும். ஏத்தின பிறகு திருத்தணும்னா முதல்வர் கடிதம் வரைக்கும் போகணும்.

ராயக்கோட்டை_தக்காளி

சாட்ஜிபிடி பற்றி ஒருத்தரும் பேசலையே? வரைவுலயும் இல்ல. தடை போட்டாலும் நிக்காது, கண்டுபிடிக்கிற கருவியை நம்பவும் முடியாது. ஆங்கிலம் தாய்மொழியா இல்லாதவங்க நேரா எழுதினதையே இயந்திரம் எழுதினதுன்னு காட்டுற கருவிகள் அவை. நம்ம வகுப்புல யாருக்கு ஆங்கிலம் தாய்மொழி?

40ஐப் பிரிங்க. எழுத்துக்கு 25, வைவாவுக்கு (நேர்ல கேள்வி கேட்கிறது) 15. தலைக்கு ஐந்து நிமிஷம்னா 60 பேருக்கு 300 நிமிஷம், அதாவது ஐந்து மணி நேரம். ஒரே மூச்சுல முடியாது. லேப் நேரத்துல பேட்ச்சுக்கு ஒரு நாளைக்கு 10 பேர்னு கூப்பிட்டா மூணு வாரத்துல முடிஞ்சுடும். கேள்வி ரெண்டே ரெண்டு: "இந்த வரியை எடுத்துட்டா என்ன ஆகும்?", "இந்த எண்ணை மாத்தினா அடுத்து எது மாறும்?" இயந்திரத்துல கேட்டுப் புரிஞ்சுக்கிட்டவர் சொல்லிடுவார். அவருக்கு மார்க் போகட்டும், புரிஞ்சுக்கத்தானே அசைன்மென்ட்.

அஞ்செட்டி_ரோடு

இதுல எனக்கு ஒப்புதல் இல்ல சார். வைவால தைரியமா பேசுறவருக்குத்தான் மார்க் போகும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னட மீடியத்துல படிச்சிட்டு வர்றவங்க, தமிழ் மீடியத்துல இருந்து வர்றவங்க, ரெண்டு பேரும் தயங்கியே 15ல 6 வாங்குவாங்க.

ராயக்கோட்டை_தக்காளி

நியாயம். அப்ப பேசச் சொல்லாதீங்க, போடச் சொல்லுங்க. அவர் எழுதின தாளையே அவர் முன்னால வெச்சு, ஏழாவதா ஒரு எண்ணைக் கொடுத்து டேபிள்ல நுழைக்கச் சொல்லுங்க. வாய் திறக்க வேண்டாம். சரியான இடத்துக்கு 10, எத்தனை தடவை தேடினதுங்கிறதுக்கு 5. எந்த மொழில விளக்கினாலும் சரின்னு எழுதிடுங்க. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஓரளவு புரியாம இந்த மாவட்டத்துல பாடம் நடத்தவும் முடியாது.

வாணியாறு

எழுத்து வேலைன்னு பேச்சு வந்ததால ஒரு ஓரக் குறிப்பு. முதல் வருஷத்துல "தமிழர் மரபு", "தமிழரும் தொழில்நுட்பமும்" எடுக்கிறவங்க டைப் பண்ணின அசைன்மென்ட் கேட்டா, யூனிகோடுன்னு கட்டாயம் எழுதுங்க. டி.டி.பி. கடைல கொடுத்தா பாமினியிலோ வானவில்லிலோ அடிச்சுத் தருவாங்க. அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டம்ல திறந்தா ஆங்கில எழுத்தும் குறியீடுமா கொட்டிக் கிடக்கும். பி.டி.எஃப்.ல இருந்து எடுத்து ஒட்டினதுன்னா கொம்பும் காலும் பிரிஞ்சு நிக்கும், "கொ" மூணு துண்டா வரும். அதைத் திருத்துறதைவிட மறுபடி அடிக்கிறது வேகம். போன்ல தமிழ்99 இருக்கு, பழக ஒரு வாரம் போதும். ஆனா இந்த ரெண்டு பேப்பருக்கும் கையெழுத்தே போதும்ங்கிறது என் கட்சி.

லேப்_சாவி

ரெக்கார்டுக்கும் ஒரு வரி, அதுல 75 இருக்குன்னு சொன்னாரே. 12 பயிற்சின்னா ஒண்ணுக்கு 6, ஆக 72. மீதி 3 இன்டெக்ஸ் பக்கமும் போனஃபைடு (சான்று) பக்கமும் முழுசா இருக்கறதுக்கு. அந்த 6ஐ எப்படிப் பிரிக்கிறதுன்னா: லேபுக்கு வரும்போதே அப்சர்வேஷன்ல வழிமுறை இருந்தா 2, அன்னைக்கே நிரல் ஓடினா 2, அன்னைக்கு கேட்ட ஒரு மாற்றத்தைச் செஞ்சா 1, அடுத்த லேபுக்குள்ள ரெக்கார்டு வந்தா 1. கடைசி வாரம் 12 பயிற்சிக்கும் அப்சர்வேஷனையும் ரெக்கார்டையும் ஒரே ராத்திரில எழுதிட்டு வந்தா இந்தக் கணக்குல ஒண்ணுக்கு 3க்கு மேல தேறாது, அதனால யாரும் முயற்சியே பண்ண மாட்டாங்க.

நிரலைக் கையால எழுதட்டும், வெளியீட்டை மட்டும் பிரின்ட் எடுத்து இடது பக்கம் ஒட்டட்டும். கறுப்புத் திரையை அப்படியே படம் பிடிச்சுப் பிரின்ட் போட்டா டோனர் தீரும், ஒண்ணும் தெரியாது. எழுத்தை மட்டும் எடுத்து வெள்ளைத் தாள்ல.

பாரூர்_ஏரி

எல்லாம் ஏத்திட்டேன். ஒரு பக்கம் ஒண்ணரைப் பக்கமாயிடுச்சு. முன்னும் பின்னும் அடிச்சுடறேன். முன்பக்கம் 40 மார்க் கணக்கும் 23 எல்லைக்கோடும், பின்பக்கம் லேப். காப்பி விதிக்குப் பதிலா "நேரில் போடுவதே மார்க்", மேல்முறையீடு எச்.ஓ.டி.யிடம் ஐந்து வேலை நாளுக்குள். கிரேடு வரி போச்சு. கழிவு முழு 40ல இருந்து, நாளுக்கு 4, மூணு வேலை நாள் வரைக்கும்.

சித்தேரி_மூணாம்_வருஷம்

மேம், ஒரு சந்தேகம். மூணாவது செமஸ்டர்லதான் பாலிடெக்னிக் முடிச்ச லேட்டரல் பசங்க சேருவாங்க. அவங்க பதிவெண் 301, 302ன்னு வரும். அந்த ஹேஷ் கேள்வி அவங்களுக்கும் சரியா வருமா? சேர்க்கை முடிஞ்சு வரும்போது ஆகஸ்ட் 6 தாண்டிட்டா?

ராயக்கோட்டை_தக்காளி

வரும். 301ஐ 11ஆல வகுத்தா மீதி 4. 301 நாலாவது இடம், 312 அஞ்சு, 306 ஒன்பது, 323 ஆறு, 307 பத்து, 302 ஏழு. தேடல் 11தான். பதிவெண் இன்னும் வரலன்னா அட்மிஷன் எண்ணோட கடைசி மூணு இலக்கத்தை எடுத்துக்கலாம், தாள்ல முதல் வரில அந்த எண்ணை எழுதச் சொல்லுங்க.

பாரூர்_ஏரி

தேதிக்கு: லேட்டரல்ல வர்றவங்களுக்குச் சேர்ந்த நாள்ல இருந்து 10 வேலை நாள், ஆனா முதல் எழுத்துத் தேர்வுக்கு முன்னாடி. சேர்த்துட்டேன் தம்பி. நாளைக்கு ஜெராக்ஸுக்குப் போகுது, 65 பிரதி.